முடவனும் கொம்புத் தேனும்

முடவன் கொம்புத் தேனுக்கு ஆசைப்பட்டாற்போல என்பது நம்மிடையே நெடுங்காலமாக வழங்கும் பழமொழி. தகுதிக்கு மிஞ்சிய ஆசையை இகழ்தற்கு அதனை எடுத்தாளுவர். மாணாக்கர் கட்டுரைகளில் அது அடிக்கடி வரும். மேடைப் பேச்சாளர் வாயிலும் வரும். தேன் இனியது. கொம்பு உயரத்தில் உள்ளது. முடவனுக்கு நடக்கவும் ஏறவும் இயலாது. ஆகவே அவன் ஆசைப்படுதல் தகாது. பழமொழியின் வாதம் இவ்வளவே.

இந்த வாதத்திலே ஒரு குறை உண்டு. கொம்பு ஏன் அவ்வளவு உயரத்தில் இருத்தல் வேண்டும் என்று அது வினவுவதில்லை. அதனை வளைத்தல் கூடுமா, ஏணி ஒன்று சார்த்துதல் கூடுமா என்றும் எண்ணுவதில்லை. பழி முழுவதையும் அவன் காலின்மேற் சுமத்திவிட்டு, மரத்தைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாது போய்விடுகிறது.

சென்ற கோடையில் இங்கிலாந்துக்குச் சென்றிருந்தேன். கொம்பை வளைத்துக் கொடுப்பதையே தொழிலாகக் கொண்ட ஓரிடத்தைக் காணும் வாய்ப்பு அங்கே கிடைத்தது. உடலுறுப்புக் குறைந்தோர் தாமே செலுத்தத்தக்க வண்ணம் கார்களை மாற்றியமைக்கும் தொழிற்சாலை அது. அங்கே கண்டதையும் கேட்டதையும் ஆசிரியர்களும் மாணாக்கர்களும் அறிதல் நன்று எனக் கருதி இதனை எழுதுகின்றேன்.

அழைத்துச் சென்றவர்

என்னை அங்கே அழைத்துச் சென்றவர் என் பழைய மாணாக்கர். 1990களின் நடுக்கூற்றில் என்னிடம் நன்னூல் படித்தவர். பதினேழாம் வயதிற் கண்ணிவெடியில் அகப்பட்டு இரண்டு கால்களையும் முழங்காலுக்கு மேலே இழந்தார். அதன் பின்னும் சில மாதம் வகுப்புக்கு வந்தார். தந்தையார் சைக்கிளில் ஏற்றி வருவார். வாயிலில் இருந்து இருவர் தூக்கி வந்து வாங்கில் இருத்துவர். ஒருநாள் அவர் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. பின்னர் அவர் வரவேயில்லை. சில ஆண்டுகளின் பின் தமையனார் அவரை இலண்டனுக்கு அழைப்பித்துக்கொண்டார். இன்று அங்கே கணக்காளராக இருக்கிறார். மனைவியும் இரண்டு பிள்ளைகளும் உளர்.

அவர் வாங்கிய புதிய காருக்குக் கைக்கருவிகள் பூட்டி முடிந்திருந்தன. இறுதியாக அளவு பார்த்துப் பெற்று வருதற்கு அன்று போக வேண்டியிருந்தது. "ஐயா, நீங்களும் வாங்கோவன், பாக்க வேண்டிய இடம்" என்றார். பழைய காரை அவரே ஓட்டினார். பக்கத்தில் நான் இருந்தேன். எசெக்ஸ் பகுதியை நோக்கிப் போகும் பெருந்தெருவில் ஒன்றரை மணி நேரம் சென்றோம். அவருடைய இடக்கை ஒரு சிறு பிடியில் இருந்தது. வலக்கை ஸ்ரியறிங்கிற் பூட்டிய ஒரு குமிழைப் பற்றியிருந்தது. வேறொன்றும் வித்தியாசமாகத் தோன்றவில்லை.

வழியிலே, வகுப்புக்கு வராது நின்ற காரணத்தைக் கேட்டேன். இத்தனை ஆண்டு கேளாதிருந்த கேள்வி அது. அவர் தெருவைப் பார்த்தபடியே விடை சொன்னார்: "படிப்பு வெறுத்துப்போய் நிக்கேல்லை ஐயா. ஒவ்வொரு நாளும் ரெண்டு பேரைக் கேக்கவேணும். அவையள் ஒருநாளும் மாட்டன் எண்டு சொன்னதில்லை. எண்டாலும் கேக்கவேணுமே."

தொழிற்சாலையில்

வெளியே நின்று பார்ப்பவருக்கு அது சாதாரணமான ஒரு கராஜ். உள்ளே பத்துப் பன்னிரண்டு கார்கள் நின்றன. ஒவ்வொன்றிலும் நடந்த வேலை வெவ்வேறாக இருந்தது. தலைமை வினைஞர் ஐம்பது வயதைக் கடந்தவர். கையில் எண்ணெய்க் கறை. நான் மொழி கற்பிக்கும் ஆசிரியன் என்று அறிந்ததும், பொறியியல் தெரியாதவனுக்கு விளக்குமாறு பொறுமையாக விளக்கினார். தையற்காரர் தொழில் போன்றதே தம் தொழிலும் என்றார். அவர்கள் முதலில் அளப்பது காரையன்று, ஆளை. கை எட்டும் தூரம், தோளின் வலிமை, பிடியின் இறுக்கம், கழுத்துத் திரும்பும் அளவு, ஆபத்தைக் கண்டதும் கை அசைதற்குச் செல்லும் நேரம் ஆகிய எல்லாம் முன்னரே சோதிக்கப்படுகின்றன. இதற்கென்றே தனி நிலையங்கள் அந்நாட்டில் உள்ளன.

கால் இயலாதவர்க்கு அமைக்கும் கைக்கருவியின் அமைப்பு மிக எளியது. ஸ்ரியறிங்கின் அருகே ஒரு பிடி. அதிலிருந்து இரண்டு கோல்கள் கீழே சென்று, ஒன்று பிறேக் மிதியையும் மற்றது அக்சிலேற்றர் மிதியையும் பற்றியிருக்கும். பிடியைத் தன்பால் இழுத்தால் வேகம் கூடும். முன்னே தள்ளினாற் பிறேக் பிடிக்கும். பிறேக்கை ஏன் தள்ளும்படி வைத்தார்கள்? கார் சடுதியாக நிற்கும்போது உடல் முன்னோக்கிச் சாயும். அச்சாய்வு பிறேக்கை மேலும் அழுத்தத் துணைசெய்யுமேயன்றி வேகத்தைக் கூட்டாது. ஒரு கை எப்பொழுதும் பிடியில் இருத்தலால், மற்றக் கை ஒன்றினாலேயே ஸ்ரியறிங்கைச் சுழற்றுதற்குக் குமிழ் வேண்டும். கியர் தானே மாறுவதாக இருத்தல் வேண்டும். மிதிகள் இருந்தபடியே இருக்கும். ஆதலால் என் மாணாக்கருடைய மனைவியாரும் அதே காரைக் காலாலே ஓட்டலாம்.

வலக்கால் மட்டும் இயலாதவர்க்கு அக்சிலேற்றரை இடப்பக்கம் மாற்றுகிறார்கள். பிறர் ஓட்டும்போது அந்த மிதியை மடித்துவிடலாம். ஒரு கையும் பெரிதும் இயலாதவர்க்கு விளக்கு, ஒலிப்பான், மழைத் துடைப்பான், திரும்பும் சைகை ஆகியவற்றின் பொத்தான்களை அந்தக் குமிழிலேயே திரட்டி வைக்கிறார்கள். நாற்காலியைத் தூக்கிப் பின்புறத்தில் வைக்கும் சிறு பாரந்தூக்கி ஒன்றும் கண்டேன். இன்னொரு வண்டியில் தளத்தையே வெட்டித் தாழ்த்தியிருந்தார்கள். கதவு திறந்து சாய்தளம் தானே இறங்கும். சக்கர நாற்காலியில் வருபவர் அதிலேயே ஏறிச் செலுத்தும் இடத்தை அடையலாம். நாற்காலியின் அடியிலுள்ள முளை தளத்திற் பூட்டிக்கொள்ளும்.

எல்லாவற்றிலும் வியப்பானது ஒரு மூலையில் நின்ற வண்டி. அதிலே ஸ்ரியறிங் வளையம் பயன்படுவதில்லை. சுண்டுவிரல் அளவான ஒரு கோல் கைக்கு அருகே நிற்கிறது. விரலின் மெல்லிய அசைவை மின்சைகை கொண்டு சென்று சில்லுகளைத் திருப்புகிறது. வேகத்தையும் அதுவே ஆளுகிறது. ஒரு சாதனம் பழுதானால் உடனே மற்றொன்று அதன் வேலையை ஏற்கும்படி இரட்டித்து வைத்திருக்கிறார்கள். தசைகள் நாளுக்கு நாள் தளரும் நோயுள்ள ஓர் இளைஞருக்காக அது ஆயத்தமாகிறது என்றார் தலைமை வினைஞர்.

வளர்ந்த வரலாறு

இக்கலை நேற்றுத் தோன்றியதன்று. அமெரிக்க ஜனாதிபதியாயிருந்த பிராங்கிளின் ரூஸ்வெல்ற் 1921 இல், தமது 39ஆம் வயதில், நோயினாற் கால்களின் இயக்கத்தை இழந்தார். கையால் இயக்கும் கருவிகள் பூட்டிய போர்ட் கார் ஒன்றை அவர் ஹைட் பார்க்கில் தாமே ஓட்டினார். 1939 ஜூனில் இங்கிலாந்து மன்னர் ஆறாம் ஜோர்ஜும் அரசியாரும் அங்கே விருந்தினராகச் சென்றபோது, அவர்களை ஏற்றிக்கொண்டு ஓட்டியவரும் அவரே.

இங்கிலாந்திலோ இது உறவின் அன்பிலே பிறந்தது. பேர்ட் கிறீவ்ஸ் என்னும் பொறியியலாளர், இயக்கமிழந்த தம் மைத்துனர் முறையானவரின் நாற்காலிக்கு ஓர் இயந்திரம் பூட்டிக் கொடுத்தார். இரண்டாம் உலகப் போரின் பின் அவ்விருவரும் சேர்ந்து எசெக்ஸிலே ஒரு நிறுவனம் தொடங்கினர். 'இன்வாகார்' என்னும் மூன்று சில்லு வண்டி அதன் பயன். அரசாங்கம் அவற்றை ஆயிரக்கணக்காகச் செய்வித்து, வேண்டியவர்க்கு இரவலாகக் கொடுத்தது. வெளிறிய நீல நிறம், ஒருவர்க்கே இருக்கை. தாய் தன் குழந்தையை ஏற்ற முடியாது. கணவன் மனைவியை ஏற்ற முடியாது. தூரத்தே வரும்போதே உள்ளே இருப்பவர் இன்னார் என்று நிறம் பறைசாற்றிவிடும். உதவி கிடைத்தது, ஊரோடு சேர்ந்து செல்லும் உரிமை கிடைக்கவில்லை. 2003 மார்ச் 31 ஆம் திகதியோடு அவ்வண்டிகள் தெருவினின்றும் நீக்கப்பட்டன.

அதற்கு வெகு முன்னரே வேறொரு வழி பிறந்துவிட்டது. 1977 இல் மொட்டபிலிற்றி என்னும் அறநிலையம் தொடங்கியது. அரசு தரும் நடமாட்ட உதவிப்பணத்தைக் கொடுத்து, பிறர் வாங்கும் அதே காரைக் குத்தகையாகப் பெறலாம். வேண்டிய மாற்றத்தையும் அதிற் செய்விக்கலாம். இன்று 6 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இத்திட்டத்திற் பயன் பெறுகின்றனர். 1982 இல் ஜப்பானிய ஹொண்டா நிறுவனம், கைகளில்லாதார் கால்களாலேயே செலுத்தும் முறையைத் தன் காரில் அமைத்தது. அதனை முதலில் ஆக்கிய ஜெர்மானியரின் பெயரால் அது பிரான்ஸ் முறை எனப்படும்.

பகடு வேண்டிய புலவர்

இவற்றைக் கேட்டுக்கொண்டு நின்றபோது, சங்கப் புலவர் ஒருவர் என் நினைவில் வந்தார். ஐயூர் முடவனார் என்பது அவர் பெயர். கிள்ளிவளவன் இறந்தபோது தாழி வனையும் குயவனை விளித்துப் பாடியவர் அவரே. புறநானூற்று 399ஆம் பாட்டில் அவர் தாமான் தோன்றிக்கோன் என்பவனிடம் செல்கிறார். பொன் கேட்கவில்லை, ஊர் கேட்கவில்லை. ஒரு பகடு கேட்கிறார். நடத்தல் இயலாத புலவர் வண்டியிற் செல்பவர். அவ்வண்டியை இழுத்தற்கே எருது வேண்டினார் என்று அறிஞர் கொள்வர். அவனோ பல ஆனிரைகளோடு ஊர்தியும் நல்கினான்.

இதிலே இரண்டு செய்திகள் நோக்கத்தக்கன. தம்மைச் சுமந்து செல்ல ஆள் வேண்டும் என்று புலவர் கேட்கவில்லை. தாமே செல்லுதற்குரிய கருவியைக் கேட்டார். கேட்டதன் நுட்பத்தை அறிந்து கொடுத்தவன், உன் காலுக்கு ஊர்தி எதற்கு என்று வினவவில்லை. பழமொழி பேசும் தமிழும் நம்முடையதே. பகடு கொடுத்த தமிழும் நம்முடையதே. எதனை நாம் பிள்ளைகளுக்கு எடுத்துக் கொடுக்கிறோம் என்பதே கேள்வி.

நமது நிலை

இலங்கையில் ஊனமுற்றோர் உரிமையைப் பாதுகாக்கும் சட்டம் 1996 இலேயே இயற்றப்பட்டது. அவர்கள் உரிமை பற்றிய ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையை நமது நாடு 2016 இல் ஏற்று உறுதிசெய்தது. 2009 இல் முடிந்த போர் அவயவம் இழந்தோர் பலரை வடக்கிலும் கிழக்கிலும் விட்டுச் சென்றது. யாழ்ப்பாணத்து ஜெய்ப்பூர் நிறுவனம் 1987 தொடக்கம் செயற்கைக் கால் செய்து கொடுத்து வரும் பணி பெரிது. ஆயினும் கால் பெற்றவர் பஸ்ஸில் ஏறவேண்டுமே. நம் பஸ்களின் படி முழங்கால் உயரத்தில் நிற்கிறது.

இங்கிலாந்தின் விரற்கோல் வண்டியை நாளைக்கே இங்கே கொண்டுவர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அதன் விலை நமக்கு எட்டாதது. ஆனால் நம் தெருவில் ஓடும் ஓட்டோவைப் பாருங்கள். அதன் வேகமும், கிளச்சும், கியரும் கைப்பிடியிலேயே உள்ளன. காலுக்குரியது பிறேக் ஒன்றே. அந்த மிதியைக் கைக்குக் கொண்டுவருதல் நம்மூர் வினைஞருக்கு அரிய வேலையன்று. இரு பக்கமும் துணைச் சில்லுப் பூட்டிய ஸ்கூட்டர்களை நம்மவர் ஓட்டுவதை இப்பொழுதே காண்கிறோம். பிறேக் உயிரைக் காக்கும் உறுப்பு. ஆதலால், செய்ததைச் சோதிக்க ஒருவர் வேண்டும். சோதித்ததை ஏற்று அனுமதி வழங்க ஓர் ஒழுங்கு வேண்டும். கடன் கொடுக்க ஒரு சங்கம் வேண்டும். கையும் அறிவும் இங்கே உள்ளன. அவற்றைச் சேர்த்துவைப்பாரே வேண்டும்.

ஆசிரியர்களாகிய நமக்கும் ஒரு வேலை உண்டு. நம் பாடசாலை வாயிலில் எத்தனை படிகள் என்று நாளைக் காலையில் எண்ணிப் பார்ப்போம். நான்கு மூடை சீமெந்தும் ஒரு மேசனின் இரண்டு நாட் கூலியும் இருந்தால் அங்கே ஒரு சாய்தளம் அமைத்துவிடலாம். இருவரைக் கேட்டு உள்ளே வரவேண்டிய பிள்ளை ஒருநாள் வராது நின்றுவிடும். அதனை நாம் படிப்பில் விருப்பமின்மை என்று இடாப்பில் எழுதிவிடுவோம்.

புதிய காரிலே என் மாணாக்கர் ஏறியிருந்து பிடியை இழுத்தும் தள்ளியும் பார்த்தார். அரை அங்குலம் கிட்ட வரவேண்டும் என்றார். வினைஞர் குனிந்து ஆணியைத் தளர்த்தி, நகர்த்தி, மீண்டும் முறுக்கினார். அந்த அரை அங்குலத்துக்காக அவர் இருபது நிமிடம் தரையிற் கிடந்தார். "இது வேகமாக ஓடுறதுக்கோ தம்பி?" என்று கேட்டேன். "இல்லை ஐயா. இனி நினைச்ச நேரம் வெளிக்கிடலாம், அதுக்குத்தான்" என்றார்.

பழமொழியை நம் நூல்களினின்றும் நீக்கிவிட வேண்டும் என்பது என் கருத்தன்று. அதனைக் கற்பிப்போம். கற்பிக்கும்போது, கொம்பு எவ்வளவு உயரம், அதனை வளைப்பது எங்ஙனம் என்ற இரண்டு வினாக்களையும் கரும்பலகையில் எழுதுவோம். விடைகளைப் பிள்ளைகள் எழுதட்டும்.