கேட் வரைக்கும் வெளிச்சம்

இரவு ஷிஃப்ட் முடிந்து வருகிறவர்களைக் கம்பெனி பஸ் மெயின் ரோட்டில் இறக்கிவிட்டுப் போய்விடும். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை சாலை பளபளவென்றுதான் இருக்கிறது. வல்லம், மாத்தூர்ப் பக்கம் உள்ளே திரும்பினால், வயலை பிளாட் போட்டு விற்ற மனைகளில் வீடு கட்டியவர்களுக்குச் செல்போன் டார்ச்தான் துணை. இந்த வீடுகளின் கேட்டிலும் காம்பவுண்டு சுவரிலும் இப்போது சோலார் விளக்குகள் முளைக்கின்றன.

“கரண்ட் பில் மிச்சம்” என்று கடைக்காரர் சொன்னால் சிரித்துவிட்டு மேலே கேளுங்கள். ஒரு 9 வாட் எல்இடி பல்ப் தினமும் 12 மணி நேரம் எரிந்தாலும் இரண்டு மாதத்துக்கு ஆறரை யூனிட்தான் ஆகும். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு 2016 முதல் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். இதில் என்ன மிச்சம் பிடிப்பது? கேட், கிணற்றடி, மாட்டுக்கொட்டகை, தோட்டத்துக் கழிவறை என்று ஒயர் போகாத இடங்களுக்குத்தான் சோலார். பள்ளம் தோண்டிக் குழாய் பதிக்க வேண்டாம், மழையில் ஷாக் அடிக்குமோ என்ற பயம் வேண்டாம், கரண்ட் போனாலும் எரியும்.

இந்த யோசனை நமக்குப் புதிதல்ல. 2011-ல் தமிழக அரசு கொண்டுவந்த பசுமை வீடுகள் திட்டத்தில் 300 சதுர அடி வீட்டுக்கு 1.80 லட்சம் ரூபாய் ஒதுக்கினார்கள். அதில் 30,000 ரூபாய் சூரிய விளக்குகளுக்கு. படுக்கையறை, ஹால், சமையலறை, கழிவறைக்கு ஒவ்வொன்று. ஐந்தாவது விளக்கு வராந்தாவுக்கு. அந்த ஐந்தாவது விளக்கை யோசித்தவர் யாரோ, ராத்திரியில் வாசல் தடுக்கி விழுந்த அனுபவம் உள்ளவராக இருக்க வேண்டும். அப்போது கொடுத்தது சிஎஃப்எல் பல்ப். எல்இடி மலிவானது பிற்பாடுதான்.

இந்த ஸ்ரீபெரும்புதூர்ப் பகுதியில்தான் சோலார் பேனலும் உற்பத்தியாகிறது. ஒரகடத்தில் விக்ரம் சோலார் இருக்கிறது. பிள்ளைப்பாக்கம் சிப்காட்டில் ஃபர்ஸ்ட் சோலாரின் 3.3 கிகாவாட் ஆலை 2024 ஜனவரியில் திறக்கப்பட்டது. அங்கே கண்ணாடியின் மேல் காட்மியம் டெல்லுரைடை மெல்லிய படலமாகப் படியவைத்துச் செய்யும் தகடுகள், ஏக்கர் கணக்கில் விரியும் சூரியப் பண்ணைகளுக்கானவை. நம் கேட் விளக்கின் உள்ளங்கையளவு பேனலுக்கும் அவற்றுக்கும் உறவு வெயில் மட்டும்தான்.

விளக்குப் பெட்டியின் மேல் ‘100 வாட்’ என்று கொட்டை எழுத்தில் இருக்கும். நம்பாதீர்கள், பேனல் எத்தனை வாட் என்று பாருங்கள். 5 வாட் பேனல் நல்ல வெயில் நாளில் சுமார் 22 வாட்-மணி மின்சாரம் தரும். பேட்டரியில் ஏறி இறங்கும்போது போவது போக 16 நிற்கலாம். அதை ராத்திரி முழுக்கப் பங்கு வைத்தால் ஒன்றேகால் வாட் சொச்சம். கேட் பூட்டைத் திறக்க இது தாராளம், வாசலில் ஷட்டில் ஆட முடியாது. ஆள் நடமாட்டம் தெரிந்தால் மட்டும் பிரகாசமாகும் சென்சார் உள்ளதாக வாங்கினால் இந்தச் சொற்பம் நெடுநேரம் வரும்.

இந்த விளக்குகளின் உயிர் பேட்டரியில் இருக்கிறது. பழைய ஈய பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும். அடிக்கடி முழுக்கக் காலியானால் சீக்கிரம் செத்துப்போகும். இப்போது வரும் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி பல வருஷம் உழைக்கும், சூடு ஏறாமல் இருந்தால். பேனல், பேட்டரி, விளக்கு மூன்றும் ஒரே பெட்டிக்குள் இருப்பவற்றில் அதுதான் சிக்கல். சித்திரை வெயிலில் பேனலுக்கு அடியில் பேட்டரி வெந்துகொண்டிருக்கும். பேனல் தனியாக, விளக்கு தனியாக உள்ளதை வாங்கி, பேனலை மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் தெற்குப் பார்த்துக் கொஞ்சம் சாய்த்து வைத்து, பேட்டரியோடு விளக்கை சன்ஷேடுக்கு அடியில் மாட்டுவது என் கட்சி. வேப்பமரக் கிளையின் நிழல் பேனலின் ஒரு மூலையில் விழுந்தாலே வரத்து சரிந்துவிடும். லாரிப் புழுதிக்கு வாரம் ஒருமுறை ஈரத்துணி போதும். தெருவிளக்கின் வெளிச்சம் பேனல் மேல் விழுந்தால் இன்னும் பகல் என்றே நினைத்துக்கொண்டு விளக்கு எரியாது, இடத்தை மாற்றுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை வேறு கதை. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் பல ஊர்களில் நாள் கணக்கில் கரண்ட் இல்லை, ஆனால் அந்த நாட்களில் சூரியனும் சரியாக முகம் காட்டவில்லை. இரண்டு மூன்று ராத்திரிக்குத் தாங்கும் பேட்டரியா என்று வாங்கும்போதே கேட்டுக்கொள்வது இதற்காகத்தான்.

கடைசியாக ஒன்று. பேனலுக்குப் பின்னால் ரப்பர் மூடிக்குள் ஒரு குட்டி ஸ்விட்ச் இருக்கும். அதை ஆன் செய்யாமல் விளக்கை மாட்டிவிட்டு, ஏணியையும் திருப்பிக் கொடுத்துவிட்டு, எரியவில்லை என்று கடைக்காரரிடம் இரண்டு நாள் சண்டை போட்டவன் நான்.