வான்படத் தொழிலும் மாற்று ட்ரோனும்

நாகசுர வித்துவான் ஒருவர் மணப்பந்தலில் அமரும்போது அவருடைய கருவியைச் சற்று உற்று நோக்குங்கள். வாயில் பொருந்தும் சீவாளி ஒன்று இருக்கும். அதனருகே நூலில் கட்டித் தொங்கும் சீவாளிகள் வேறு சிலவும் இருக்கும். அவை அலங்காரத்துக்காகத் தொங்குவன அல்ல. வாசிப்பின் நடுவே ஒன்று பழுதுபட்டால், மறு கணமே வேறொன்றைப் பொருத்தி இசையைத் தொடர வேண்டும். முகூர்த்த வேளை எவருக்காகவும் காத்திராது. ஆகையால் அந்த மாற்றுச் சீவாளிகள் முன்கூட்டியே பதம் செய்யப்பட்டு, ஊதிப் பார்க்கப்பட்டு, கருவியின் சுருதிக்கு இசைந்தவையாக அமைக்கப்பட்டிருக்கும். மாற்றுப் பொருள் எவ்வாறு இருத்தல் வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் வேறில்லை எனலாம்.

நேயர்களே, இன்று அதே பந்தலின் மேலே மற்றொரு கருவி வட்டமிடக் காண்கிறோம். ட்ரோன் என்று எல்லோரும் அழைக்கும் ஆளில்லாச் சிறு விமானம் அது. திருமணம், தேரோட்டம், திரைப்படம், கட்டட வேலை என்று பல இடங்களிலும் வானிலிருந்து படம் பிடிப்பதையே பிழைப்பாகக் கொண்ட இளைஞர்கள் பலர் இருக்கின்றனர். அவர்களுள் பெரும்பாலோர் ஒரே ஒரு ட்ரோனை நம்பித் தொழில் செய்கின்றனர். இரண்டாவது வேண்டும் என்பதை அனைவரும் உணர்வர். ஆனால் எதை வாங்குவது என்பதில்தான் தடுமாற்றம். கையில் எஞ்சிய பணத்துக்குக் கிடைத்ததை வாங்கிப் பெட்டியில் வைத்துவிட்டால் போதும் என்று எண்ணுவோரும் உண்டு. இத்தேர்வுக்கு ஒரு முறை இருக்கிறது. அதனையே இப்போது ஆராய்வோம்.

முதலில் கருவியின் இயல்பை அறிதல் வேண்டும். படம் பிடிக்கும் ட்ரோன்களில் பெரும்பாலானவை நான்கு சுழலிகள் உடையவை. அந்நான்கின் வேகத்தைக் கூட்டியும் குறைத்துமே அது நிலைகொள்கிறது, திரும்புகிறது, முன்னே செல்கிறது. எனவே ஒரு சுழலி நின்றாலும் அது நிலை தடுமாறி விழும். ஏறத்தாழ ஒரு கிலோ எடையுள்ள பொருள் 44 மீட்டர் உயரத்திலிருந்து விழுவதாகக் கொள்வோம். காற்றின் தடையை நீக்கிக் கணக்கிட்டால் மூன்று விநாடிகளில் அது தரையை அடையும். அப்போது அதன் வேகம் மணிக்கு நூறு கிலோமீட்டருக்கும் மேற்பட்டிருக்கும். காற்று இவ்வேகத்தைச் சிறிது குறைக்கும் என்பது மெய்யே. ஆயினும் கீழே நிற்பவர் தலைக்கு அந்தக் குறைவு பெரும் ஆறுதல் ஆகாது.

இங்கேதான் மாற்று ட்ரோனின் முதற்பயன் விளங்குகிறது. முதல் ட்ரோன் உடைந்தபின் உதவுவதற்காகவே இரண்டாவது இருக்கிறது என்று நாம் நினைக்கிறோம். உண்மையில், முதல் ட்ரோனைப் பறக்க விடாமல் நிறுத்தும் துணிவை அளிப்பதே அதன் தலையாய பயன். காலையில் பரிசோதிக்கும்போது ஒரு சுழலியிலிருந்து மாறான ஓசை வருகிறது; அல்லது பேட்டரி சிறிது உப்பியிருக்கிறது. கையில் வேறு கருவி இல்லாதவன் என்ன செய்வான்? வாக்குக் கொடுத்தாயிற்று, முன்பணமும் வாங்கியாயிற்று, மணமகன் வீட்டார் வானை நோக்கிக் காத்திருக்கின்றனர். 'இந்த ஒரு முறை பறந்துவிட்டால் போதும்' என்று தன்னைத் தானே தேற்றிக்கொண்டு ஐந்நூறு பேர் தலைக்கு மேலே அதைச் செலுத்துவான். இரண்டாவது கருவி உடையவனோ ஐயத்துக்கு இடமான முதற்கருவியை மனக்கலக்கமின்றிப் பெட்டியில் வைத்து மூடுவான். ஆகவே மாற்று ட்ரோன் வருவாயைக் காப்பது மட்டுமன்று, உயிரையும் காப்பதாகும்.

ஆயினும், எல்லாப் பழுதுக்கும் இரண்டாவது ட்ரோன் மருந்தன்று. களத்தில் நேரும் தடைகளுட் பல, சிறு பொருள்களால் நேர்பவை. இறக்கை ஒன்றின் முனை சிதைந்திருக்கும். மெமரி கார்டு பதிவு செய்ய மறுக்கும். பேட்டரி சார்ஜ் ஏறியிராது. ரிமோட்டையும் கைப்பேசியையும் இணைக்கும் கம்பி அறுந்திருக்கும். இவற்றுக்கெல்லாம் ஒரு முழு ட்ரோன் வாங்குவது, விளக்குத் திரி கருகியதற்காக வேறொரு விளக்கை வாங்குவது போலாகும். எனவே மாற்று இறக்கைகள் இரண்டு தொகுதி, போதிய பேட்டரிகள், கார்டுகள், கம்பிகள் ஆகியவற்றை முதலில் சேர்த்துக்கொள்க. அவையெல்லாம் இருந்தும் வேலை நின்றுபோகும் நிலைகள் சில உண்டு: மோட்டார் எரிதல், காமிராவை ஆடாமல் தாங்கும் கிம்பல் பழுதுபடுதல், மரத்தில் மோதி விழுதல், நீரில் மூழ்குதல். அந்நிலைகளுக்கு உரியதே இரண்டாவது ட்ரோன்.

இனி, தேர்வுக்கு மூன்று வழிகள் உள்ளன. முதல் வழி, இரட்டைப் பிள்ளைகளைப் போல ஒரே மாதிரியில் இரண்டு வாங்குதல். இறக்கை, பேட்டரி, ரிமோட் யாவும் இரண்டுக்கும் பொது. படத்திலும் வேறுபாடு இராது. செலவு மிகுதி என்பதே இதன் குறை. இரண்டாவது வழி, அதே குடும்பத்தில் சற்று எளிய உறவினர் ஒன்றைத் தேர்தல். சீனத்து ஷென்சென் நகரைச் சேர்ந்த டிஜேஐ நிறுவனத்தின் கருவிகளையே சான்றாகக் காட்டலாம். 2023-இல் வந்த மேவிக் 3 ப்ரோவில் மூன்று காமிராக்கள் உள்ளன. 2022-இல் வந்த மேவிக் 3 கிளாசிக்கில் ஒன்றே உள்ளது. ஆனால் கிளாசிக்கில் உள்ள அந்த ஒன்று ப்ரோவின் முதன்மைக் காமிராவை ஒத்தது. பேட்டரியும் இரண்டுக்கும் பொது. தொலைக்காட்சி வில்லைகளை இழந்தாலும் பெரும்பகுதி வேலை குறைவின்றி நடைபெறும். மூன்றாவது வழி, கால் கிலோவுக்கு உட்பட்ட சிறு கருவி ஒன்றை வைத்துக்கொள்ளுதல். செலவு குறைவு, சுமையும் குறைவு. ஆனால் அதன் எல்லைகளை அறிந்தே வாங்க வேண்டும்.

அவ்வெல்லைகளுள் முதலாவது படத்தின் தரம். மேவிக் 3 வரிசையின் ஒளியுணர் தகட்டோடு ஒப்பிட்டால், மினி 4 ப்ரோ என்னும் சிறு ட்ரோனின் தகடு பரப்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கே ஆகும். நண்பகலில் இவ்வேறுபாடு அதிகம் தோன்றாது. மாலை மங்கிய பின்னும், இரவு விளக்கொளியிலும் நன்கு தெரியும். அடுத்து, மேவிக்கில் ஒளி புகும் துளையைச் சுருக்கவும் விரிக்கவும் இயலும். மினியில் அத்துளை மாறாதது. விநாடிக்கு 25 சட்டங்கள் எடுக்கும்போது ஒவ்வொரு சட்டத்துக்கும் ஐம்பதில் ஒரு பங்கு விநாடி ஒளி பெறச் செய்தல் இயக்கத்தை இயல்பாகக் காட்டும் வழக்கமாகும். கடும் வெயிலில் துளை மாறாத காமிராவைக் கொண்டு இதனைச் செய்ய, ஒளியை மட்டுப்படுத்தும் என்டி ஃபில்டர் இன்றியமையாதது. ஆகவே சிறு ட்ரோனை வாங்குவோர் அதற்குரிய ஃபில்டர்களையும் சேர்த்தே வாங்குக. அன்றியும், இரு கருவிகளாலும் ஒரே காட்சியை ஒரே நேரத்தில் படமெடுத்து, நிறங்களை ஒப்பிட்டு, தொகுப்பாளரிடம் முன்னரே காட்டிவிடுதல் நன்று. பாதிப் படம் ஒரு நிறத்திலும் மறுபாதி வேறு நிறத்திலும் இருப்பதை வாடிக்கையாளர் எளிதில் பொறுக்கமாட்டார்.

இரண்டாவது, கையின் பழக்கம். பதற்றமான வேளையில் விரல்கள் சிந்திப்பதில்லை, பழகியதையே செய்கின்றன. ஆதலின் ஒரே ரிமோட்டால் இயங்கும் இரு கருவிகள் அமையின் மிக நன்று. டிஜேஐ ஏர் 3, மினி 4 ப்ரோ ஆகிய இரண்டும் ஆர்சி 2 என்னும் ஒரே வகை ரிமோட்டுக்குக் கட்டுப்படும். மேவிக் 3 ப்ரோவோ அதற்குக் கட்டுப்படாது. ஒரே நிறுவனத்தின் பெயரைக் கண்டதும் எல்லாம் பொருந்தும் என்று முடிவு செய்தல் கூடாது என்பதற்கு இது ஒரு சான்று. மூன்றாவது, காற்று. விநாடிக்கு 12 மீட்டர் வேகக் காற்றைத் தாங்கும் என்று மேவிக் 3-க்கும் ஏர் 3-க்கும் வரையறுத்துள்ளனர். மினி 4 ப்ரோவுக்கு அது 10.7 மீட்டர். கடற்கரையிலும் மலைச்சரிவிலும் தொழில் செய்வோர் இவ்வேறுபாட்டைச் சிறிதென்று எண்ணற்க.

திரைப்படத் தொழிலில் நிலை வேறு. 2023-இல் வெளிவந்த இன்ஸ்பயர் 3 போன்ற பெரிய கருவியில் இரண்டு பேட்டரிகள் சேர்ந்து இயங்கும். பறக்கும்போது ஒன்று கைவிட்டாலும் மற்றொன்றின் துணையால் தரையிறங்க வழியுண்டு. ஆறு அல்லது எட்டுச் சுழலிகள் உடைய கருவிகளில், ஒரு சுழலி நின்றாலும் எஞ்சியவை தாங்குவதற்கு இடமுண்டு. இவை கருவிக்குள்ளேயே அமைந்த மாற்று. ஆயினும் கருவியே மரத்தில் மோதினால் உள்ளே இருக்கும் மாற்று உதவாது. ஒரு நாள் படப்பிடிப்பு நிற்பதால் வரும் இழப்பையும் இரண்டாவது கருவியின் வாடகையையும் அருகருகே எழுதிப் பார்த்தால், எது மேல் என்பது தானே விளங்கும். வெளியூருக்கு விமானத்தில் செல்வோர், உதிரிப் பேட்டரிகளைச் சரக்கறைப் பெட்டியில் வைக்கலாகாது. கையோடு எடுத்துச் செல்ல வேண்டும். 100 வாட்-மணிக்கு மேற்பட்ட பேட்டரிக்கு விமான நிறுவனத்தின் இசைவும் தேவை.

அடுத்துச் சட்டம். நம் நாட்டில் 2021 ஆகஸ்டு 25-ஆம் நாள் அறிவிக்கப்பட்ட ட்ரோன் விதிகளின்படி, 250 கிராம் வரை உள்ளவை நானோ. அதற்கு மேல் 2 கிலோ வரை மைக்ரோ. அதற்கு மேல் 25 கிலோ வரை சிறியவை. நானோ வகைக்கு ஓட்டுநர் சான்றிதழும், பிறர்க்கு நேரும் சேதத்துக்கான கட்டாயக் காப்பீடும் வேண்டா என்று அவ்விதிகள் கூறுகின்றன. மைக்ரோ வகையைத் தொழிலுக்குப் பயன்படுத்துவோருக்குச் சான்றிதழ் வேண்டும். சிறு கருவியை மாற்றாகத் தேர்வோர் இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். மினி 4 ப்ரோ தன் இயல்பான பேட்டரியுடன் 250 கிராமுக்கு உட்பட்டது. நெடுநேரம் பறப்பதற்கென விற்கப்படும் பெரிய பேட்டரியைப் பொருத்தினால் அவ்வெல்லையைக் கடந்துவிடும். பேட்டரி மாறியதும் சட்டத்தில் அதன் வகுப்பும் மாறுகிறது. மேலும், முழுமையாகச் செய்த வெளிநாட்டு ட்ரோன்களை இறக்குமதி செய்வதை, ஆராய்ச்சி, பாதுகாப்பு முதலிய தேவைகள் நீங்கலாக, மத்திய அரசு 2022 பிப்ரவரி 9-ஆம் நாள் அறிவிப்பால் தடை செய்தது. ஆதலின் மலிவாகக் கிடைக்கிறது என்று எவரிடமோ வாங்குமுன், அதற்குரிய ரசீதும் பதிவு எண்ணும் உண்டா என்று பார்க்க வேண்டும். பத்திரமில்லாத கருவி இடர்வேளையில் உதவாது. புதிய இடரையே கொண்டுவரும்.

சொந்தமாக வாங்குவதா, தேவைப்படும்போது வாடகைக்கு எடுப்பதா என்பது மற்றொரு வினா. கட்டட வேலை, நிலப் படம் போன்றவற்றில் நாளை மாற்றிக்கொள்ள இயலும். அங்கே வாடகை போதும். திருமணத் தொழிலில் அவ்வாறன்று. தை, வைகாசி, ஆவணி ஆகிய மாதங்களின் முகூர்த்த நாள்களில் ஊரில் உள்ள கருவிகளுக்கெல்லாம் ஒரே நேரத்தில் வேலை இருக்கும். நமக்குத் தேவைப்படும் அந்நாளில் வாடகைக்குக் கொடுப்போரும் தம் கருவியோடு வேறொரு பந்தலில் இருப்பர். எனவே திருமணப் படக்காரர் எளியதாயினும் சொந்தமாக ஒன்று வைத்திருத்தலே அறிவுடைமை.

இறுதியாக, வாங்கிய மாற்றைப் பேணுதல். ஆறு மாதம் பெட்டியில் உறங்கிய ட்ரோன், தேவைப்படும் நாளில், மென்பொருளைப் புதுப்பித்தால்தான் பறப்பேன் என்று அடம் பிடிக்கும். களத்திலோ இணையத் தொடர்பு இராது. லித்தியம் பேட்டரி முழுதும் நிரம்பிய நிலையிலும் முழுதும் வற்றிய நிலையிலும் நெடுநாள் கிடந்தால் கெடும். ஏறத்தாழ அறுபது விழுக்காடு சார்ஜுடன் வைத்தலே நலம். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பர். பெட்டிக்குள் கிடக்கும் ட்ரோனும் அத்தகையதே. மாதம் ஒரு முறையேனும் அதனைப் பறக்கவிட்டு, படம் எடுத்து, குறிப்பேட்டில் நாளைக் குறித்து வைக்க. சிறு வேலை ஒன்றை முழுதும் அதனாலேயே செய்து முடித்தல் அதனினும் நன்று.

இவற்றையெல்லாம் தொகுத்து நோக்கின், வாங்குவோர் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய வினாக்கள் சிலவே. வாடிக்கையாளருக்கு நான் கொடுத்த வாக்கில் எப்பகுதியைக் கைவிடவே இயலாது? அப்பகுதியை இந்த இரண்டாவது கருவி தனியே நிறைவேற்றுமா? இதன் படம் முதற்கருவியின் படத்தோடு இசையுமா? என் கை இதனைப் பழகியுள்ளதா? இதன் பத்திரங்கள் சரியாக உள்ளனவா? இவற்றுக்கு 'ஆம்' என்று விடை கூற முடிந்தால், விலை குறைந்ததாயினும் அது நல்ல மாற்றே. முடியாவிடில், விலை உயர்ந்ததாயினும் அது வெறும் சுமையே. அப்படிப்பட்ட ஒரு கருவி அருகில் இருக்குமானால், ஐயம் தோன்றிய காலையில் 'இன்று இதைப் பறக்க விடேன்' என்று சொல்வது எளிதாகும். அச்சொல்லால் காக்கப்படுபவர்கள், தலைக்கு மேலே என்ன நடக்கிறது என்பதை அறியாமல் பந்தலில் விளையாடிக்கொண்டிருக்கும் குழந்தைகள் என்பதை மறவாதிருப்போமாக.