கார் இல்லாமல் கம்பஸ் போகும் பிள்ளைகள்

செப்ரெம்பர் மாதம் நெருங்கினால் என்னிடம் வரும் பெற்றோர் பலர், தங்கள் பிரஷர், சீனி வருத்தம் எல்லாம் கதைத்து முடித்தபின் ஒரு விடயத்தைக் கேட்பார்கள். "டொக்டர், பிள்ளைக்குக் கம்பஸ் கிடைச்சிட்டுது. பஸ்ஸிலை அலைய விடுறதோ, ஒரு பழைய காராவது எடுத்துக் குடுக்கிறதோ?" இது வைத்தியரிடம் கேட்கும் கேள்வியா என்று நினைக்கலாம். என்னைப் பொறுத்தவரை இது உடல்நலக் கேள்விதான்.

ரொறன்ரோவில் இளம் சாரதியின் கார்க் காப்புறுதிக்கு எவ்வளவு கட்டவேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். அதற்கு மேல் பெற்றோல், கம்பஸ் தரிப்பிடக் கட்டணம். இதற்காகப் பல பிள்ளைகள் இரவு வேலைக்குப் போகிறார்கள். நித்திரை குறைகிறது. தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கவனம், இரத்தத்தில் 0.05 மதுபானம் உள்ளவரின் நிலைக்கு இறங்கிவிடும் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஒன்ராறியோவில் 21 வயதும் அதற்குக் குறைந்தவர்களும் மதுவில் ஒரு துளிகூட எடுத்துவிட்டு வண்டி ஓட்ட முடியாது. நித்திரைத் தூக்கத்தை வீதியில் வைத்துப் பரிசோதிக்கும் கருவியோ பொலிசிடம் இல்லை. பஸ்ஸில் நித்திரை கொண்டால் தரிப்பிடம் ஒன்று தவறும், அவ்வளவுதான்.

பஸ்ஸுக்கு நடப்பதும் வீண் அலைச்சல் அல்ல. வீட்டிலிருந்து தரிப்பிடம், இறங்கிய இடத்திலிருந்து வகுப்பு, திரும்பவும் அதே வழி என்று பார்த்தால் ஒரு நாளில் அரை மணி நேரம் சேர்ந்துவிடும். ஐந்து நாளில் 150 நிமிடம். வாரத்துக்கு இவ்வளவு உடற்பயிற்சியைத்தான் பெரியவர்களுக்குக் குறைந்தபட்சமாகச் சொல்கிறோம். தெற்காசியர்களான எங்களுக்கு நீரிழிவு இளவயதிலேயே, அதிக உடற்பருமன் இல்லாமலே வருகிறது. யாழ்ப்பாணத்தில் சைக்கிள் உழக்கிய தகப்பன்மாருக்கு இதை விளக்கத் தேவையில்லை.

ஆனால் இங்கே குளிர் இருக்கிறது. காற்றோடு சேர்த்து உணரும் குளிர் -28க்குக் கீழே போனால், மூடாத தோல் 10 முதல் 30 நிமிடத்தில் உறையத் தொடங்கலாம். காது, மூக்கு, விரல் நுனி முதலில் விறைக்கும். வெள்ளையர்களுக்கு அந்த இடம் வெளிறும். எங்கள் தோலில் சாம்பல் பூத்ததுபோல இருக்கும், ஆகவே கவனியாமல் விடுகிறோம். அந்த இடத்தைத் தேய்க்கக்கூடாது, ஹீற்றருக்கு முன்னால் பிடிக்கவும் கூடாது. இளஞ்சூட்டுத் தண்ணீரில், 37 முதல் 39 பாகை அளவில், வைக்கவேண்டும். உணர்வு திரும்பாவிட்டால், கொப்புளம் போட்டால், உடனே வைத்தியரிடம் காட்டுங்கள். தடித்த ஜாக்கெற் ஒன்றைவிட மெல்லிய உடுப்பு மூன்று அடுக்கு நல்லது. உள்ளே பருத்தி வேண்டாம், வியர்வையில் நனைந்தால் அது உடம்பைக் குளிரப்பண்ணும்.

ஐஸில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிப்பவர்களும் உண்டு. கையைப் பொக்கற்றில் விட்டுக்கொண்டு நடக்கவேண்டாம். சின்ன அடி, முழுப் பாதமும் நிலத்தில் படவேண்டும். பென்குயின் நடக்கிறதைப் பார்த்திருப்பீர்கள்தானே.

டிசம்பரில் மாலை ஐந்து மணிக்கு முன்பே இருட்டிவிடும். எங்கள் பிள்ளைகள் எல்லோரும் ஏனோ கறுப்பு ஜாக்கெற்தான் வாங்குகிறார்கள்! சாரதிக்கு அவர்கள் தெரிவதே இல்லை. பையில் ஒளி தெறிக்கும் பட்டி ஒன்றை ஒட்டிவிடுங்கள். வீதியைக் கடக்கும்போது காதில் செருகியதைக் கழற்றச் சொல்லுங்கள்.

இரவு வகுப்பு உள்ள பிள்ளைகளுக்கு இரண்டு வசதிகள் உண்டு, பல வீடுகளில் இதைத் தெரியாது. ரீரீசி பஸ்ஸில் இரவு 9 மணி முதல் காலை 5 மணி வரை, இரண்டு தரிப்பிடங்களுக்கு நடுவே வீட்டுக்குக் கிட்டவான இடத்தில் இறக்கிவிடும்படி சாரதியைக் கேட்கலாம். ஒரு தரிப்பிடம் முன்னதாகவே சொல்லவேண்டும், முன்கதவால் இறங்கவேண்டும். 1991இல் பெண்களுக்காகத் தொடங்கியது, இப்போது எல்லோருக்கும் உண்டு. மற்றது, ரொறன்ரோ, யோர்க் பல்கலைக்கழகங்களில் கேட்டால் தரிப்பிடம் வரை கூட நடந்துவர ஆள் அனுப்புவார்கள். கட்டணம் இல்லை. வெட்கப்பட்டுத் தனியே இருட்டில் நடக்கவேண்டாம் என்று பிள்ளையிடம் சொல்லி, அந்தத் தொலைபேசி இலக்கத்தை முதல் நாளே கைத்தொலைபேசியில் பதியவையுங்கள்.

ஆஸ்மா உள்ள பிள்ளை என்றால் மூக்கையும் வாயையும் சால்வையால் மூடி நடக்கட்டும், பம்ப் எப்போதும் பையில் இருக்கட்டும். குளிரில் நடக்கும்போதெல்லாம் இருமலோ இழுப்போ வந்தால், குளிர்காலம் முடியட்டும் என்று காத்திராமல் குடும்ப வைத்தியரிடம் காட்டுங்கள். மருந்தின் அளவை மாற்றவேண்டியிருக்கலாம்.