காய்ச்சல் விட்ட பிறகுதான் கவனம்

நம் வீடுகளில் காய்ச்சலுக்கு ஒரு கணக்கு உண்டு. உடம்பு கொதித்தால் கவலை. வியர்த்துச் சூடு இறங்கிவிட்டால் நிம்மதி. மறுநாள் ரசம் சோறு, அதற்கு மறுநாள் தலைக்குத் தண்ணீர், திங்கட்கிழமை பள்ளிக்கூடம். பல காய்ச்சல்களுக்கு இந்தக் கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. டெங்குவிடம் இது பலிக்காது.

டெங்கு சட்டென்று 102, 103 டிகிரிக்கு ஏறும். கண்ணுக்குப் பின்னால் வலிக்கும், எலும்பை முறித்துப் போட்டதுபோல் உடம்பு நோகும், சிலருக்குத் தோல் சிவந்து தடிக்கும். ஆள் துவண்டு கிடந்தாலும் இந்தக் கட்டத்தில் உயிருக்கு ஆபத்து குறைவு. மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில் ஒருநாள் சூடு இறங்கும். வீட்டார் பெருமூச்சு விடும் அந்த நேரத்திலிருந்து அடுத்த 24 முதல் 48 மணி நேரம்தான் டாக்டர்கள் பயப்படுகிற நேரம்.

அப்போது சிலருக்கு ரத்தக் குழாய்களின் சுவர் கசியத் தொடங்குகிறது. சிவப்பணுக்கள் உள்ளேயே நின்றுவிட, நீர்ப்பகுதியான பிளாஸ்மா மட்டும் வெளியேறி வயிற்றிலும் நுரையீரலைச் சுற்றியும் தேங்குகிறது. குழாயில் மிஞ்சும் ரத்தம் அளவில் குறைந்து, கெட்டியாகிறது. அழுத்தம் சரிகிறது. ஒரு சொட்டு ரத்தம்கூட வெளியே தெரியாமல் நோயாளி அதிர்ச்சி நிலைக்குப் போய்விடலாம். கடுமையான வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், ஜில்லென்ற கைகால், காரணமில்லாத அமைதியின்மை, ஆறு மணி நேரமாகியும் சிறுநீர் போகாதது ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திருக்கக் கூடாது. ‘காய்ச்சல்தான் விட்டுவிட்டதே’ என்று வீட்டில் வைத்திருந்து கடைசியில் தூக்கிக்கொண்டு ஓடுவதுதான் பல நேரங்களில் விபரீதமாகிறது.

ஆனால் மருத்துவமனை வராந்தாவில் எல்லோரும் கேட்பது ஒரே கேள்வி: “பிளேட்லெட் எவ்வளவு?” ஒன்றரை லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டிய தட்டணுக்கள் ஐம்பதாயிரம் என்று வந்துவிட்டால், குடும்பம் முழுக்க ரத்த வங்கிக்குக் கிளம்பிவிடும். தட்டணுக்கள் குறைவது உண்மை. ஆனால் அவை பெரும்பாலும் தாமாகவே ஏறிவிடும். ரத்தக்கசிவு இல்லாதவர்களுக்குப் பத்தாயிரத்துக்குக் கீழே இறங்கினால்தான் ஏற்ற யோசிக்கலாம் என்கின்றன நம் நாட்டு வழிகாட்டு நெறிகள். சிங்கப்பூர், மலேசியா மருத்துவமனைகளில் நடந்து 2017-இல் லான்செட் இதழில் வெளியான ஆய்வில், இருபதாயிரமும் அதற்குக் கீழுமாக இருந்த பெரியவர்களுக்குத் தட்டணு ஏற்றியும் ரத்தக்கசிவு குறையவில்லை. பிளாஸ்மா கசிவைக் காட்டிக்கொடுப்பது ரத்தத்தின் கெட்டித்தன்மையை அளக்கும் ஹெமடோகிரிட். அறிக்கையில் பிளேட்லெட்டுக்குப் பக்கத்திலேயே அது இருக்கும், யாரும் பார்ப்பதில்லை.

டெங்கு வைரஸை அழிக்க இதுவரை மருந்து இல்லை. சிகிச்சை என்பது பெரும்பாலும் தண்ணீர்க் கணக்குதான். வீட்டிலிருந்தால் ஓ.ஆர்.எஸ்., கஞ்சி, மோர், இளநீர் என்று அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கலாம். காய்ச்சலுக்கு டாக்டர் சொன்ன அளவில் பாராசிட்டமால் மட்டும் போதும். உடம்புவலி தாங்கவில்லை என்று ஆஸ்பிரின், புரூஃபன், டைக்ளோஃபெனாக் போட்டால் ரத்தக்கசிவுக்கு நாமே கதவைத் திறந்துவிடுகிறோம். ‘இரண்டு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றுங்கள் டாக்டர்’ என்று வற்புறுத்துவதும் நல்லதல்ல. கசிந்த நீர் ஓரிரு நாளில் ரத்தத்துக்குத் திரும்பும். அளவுக்கு மீறி ஏற்றியிருந்தால் அப்போது நுரையீரலில் நீர் கோத்து மூச்சுத் திணறும். நிலவேம்புக் குடிநீர் குடிப்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. அதைக் குடித்தாகிவிட்டது என்று ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடுவதோடுதான் சண்டை. முதல் ஐந்து நாளுக்குள் என்.எஸ்.1 பரிசோதனை, அதன் பிறகு ஐ.ஜி.எம். எலிசா என்பது முறை.

ஒருமுறை வந்தால் தீர்ந்தது என்றும் இருக்க முடியாது. டெங்கு வைரஸில் நான்கு வகை உண்டு. ஒன்று வந்துபோனால் அந்த ஒன்றுக்குத்தான் நீடித்த எதிர்ப்பு. வேறு வகை தாக்கும்போது, பழைய எதிர்ப்புப் பொருள்களே வைரஸ் செல்லுக்குள் நுழைய வழிகாட்டிவிடுவதுண்டு. இரண்டாவது முறை மூர்க்கமாக வருவதற்கு அது ஒரு காரணம். பிலிப்பைன்ஸில் 2016-இல் பள்ளிக் குழந்தைகளுக்குத் தொடங்கிய தடுப்பூசித் திட்டம் மறு ஆண்டே நின்றதும் இந்தச் சிக்கலால்தான்: அதுவரை டெங்கு வராத குழந்தைகளுக்கு அந்த ஊசியே முதல் தொற்றுப்போல ஆகிவிடும் அபாயம் தெரியவந்தது.

2017 தமிழ்நாட்டுக்கும் இலங்கைக்கும் கெட்ட ஆண்டு. இங்கே 23,000-க்கும் மேற்பட்டோருக்கு டெங்கு வந்து 65 பேர் இறந்ததாக அரசுக் கணக்கு. இலங்கையில் எண்ணிக்கை 1,86,000-ஐத் தாண்டியது. இதைப் பரப்பும் ஏடிஸ் எஜிப்டி கொசு சாக்கடையைத் தேடுவதில்லை. நாம் பிடித்துவைத்த நல்ல தண்ணீர்தான் அதற்குத் தொட்டில். குழாயில் வாரத்துக்கு ஒருநாள் தண்ணீர் வரும் தெருவில் குடமும் டிரம்மும் சிமெண்ட் தொட்டியும் நிரம்பித்தான் இருக்கும். அந்த வீட்டைப் பார்த்துச் ‘சுத்தமில்லை’ என்று சொல்ல எனக்கு வாய் வராது.

இந்தக் கொசு பகலில், அதிலும் காலையிலும் மாலையிலும் அதிகமாகக் கடிக்கும். கட்டிலுக்கு அடியிலும் கொடியில் தொங்கும் துணியிலும் ஓய்வெடுக்கும். தெருவில் புகை அடித்தால் பறக்கும் கொசு கொஞ்சம் சாகும். தொட்டியில் நெளியும் புழுவுக்கு ஒன்றும் ஆகாது. முட்டை இன்னும் கெட்டிக்காரத்தனமானது. தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் சுவரில் ஒட்டிக்கொள்ளும். தண்ணீரைக் கொட்டிக் கவிழ்த்தாலும் காய்ந்தபடியே பல மாதம் கிடந்து, அடுத்த முறை நிரப்பும்போது பொரிக்கும். ஆகவே நார் போட்டு அழுத்தித் தேய்த்துக் கழுவ வேண்டும். முட்டை கொசுவாகச் சுமார் பத்து நாள் ஆகும் என்பதால் வாரம் ஒருமுறை தேய்த்தாலே கண்ணி அறுந்துவிடும். தேய்த்தபின் இறுக்கமான மூடியோ துணிக்கட்டோ வேண்டும்.

டயர், கொட்டாங்குச்சி, மொட்டைமாடியில் போட்ட பழைய ஆட்டுக்கல் எல்லாம் கண்ணில் படும். கண்ணில் படாத இடங்களும் உண்டு. கொசுப்புழு ஒழிப்புப் பணியாளர்கள் டார்ச்சோடு வந்து “உள்ளே பார்க்கணும்மா” என்றால் பலரும் வாசலோடு அனுப்பிவிடுகிறோம். அவர்கள் பார்க்க வருவது பெரும்பாலும் பிரிட்ஜின் பின்னால், தண்ணீர் சொட்டும் அந்தச் சின்னத் தட்டை.