சிறைப்பட்ட அதிகாரிக்கும் சம்பளம்

ஸ்ரீ கெம்பாங்கானில் நாம் சயாம் மரண ரயில் பாடம் நடத்தியபோது, "கைதிக்கும் சம்பளம் உண்டா, ஐயா?" என்று ஒரு மாணவன் கேட்டான். உண்டு.

போரில் பிடிபட்ட அதிகாரி குற்றவாளி அல்லர். பிடித்துவைத்த நாடு, தன் படையில் அதே பதவியில் இருப்பவருக்குத் தரும் சம்பளத்தை அவருக்கும் தர வேண்டும் என்றது 1929ஆம் ஆண்டு ஜெனிவா ஒப்பந்தம். அவரைக் கட்டாய வேலை வாங்கவும் கூடாது. ஜப்பான் அதில் கையெழுத்திட்டது, ஆனால் உறுதிப்படுத்தவில்லை. தக்க மாற்றங்களோடு பின்பற்றுவதாக மட்டும் 1942இல் சொன்னது.

நடந்தது என்ன? 1942, 1943ஆம் ஆண்டுகளில் 415 கிலோமீட்டர் சயாம்–பர்மா பாதை போடப்பட்டது. அதிகாரிகளுக்கு மாதச் சம்பளம் கிடைத்தது. சாப்பாடு, சேமிப்பு என்று பெரும்பகுதி பிடித்தமாயிற்று. மிஞ்சியதில் ஒரு பங்கைச் சேர்த்து, நோயுற்ற சிப்பாய்களுக்கு முட்டையும் மருந்தும் வாங்கினார்கள். சிப்பாய்க்கு நாளுக்குச் சில காசுகள்தாம். படுத்துவிட்டால் அதுவும் இல்லை. ஒப்பந்தத்தை மீறி அதிகாரிகளையும் வேலைக்கு விரட்டியதுண்டு.

அதே பாதையில் நம் தோட்டத் தமிழரும் இருந்தார்கள். நாளுக்கு ஒரு வெள்ளி என்று ஆசை காட்டிச் சிலரையும், வலுவில் பிடித்துச் சிலரையும் கொண்டுபோனார்கள். அவர்கள் சிப்பாய்கள் அல்லர். போர்க்கைதிச் சட்டம் அவர்களைக் காக்கவில்லை. அவர்களுக்காகப் பேச அதிகாரி இல்லை. பலருடைய பெயர்கூட எந்தப் பதிவேட்டிலும் இல்லை. பல்லாயிரம் பேர் திரும்பவில்லை. திரும்பியவர் கையிலிருந்த வாழைமரத்து நோட்டு 1945இல் வெறும் காகிதமாயிற்று. 1951ஆம் ஆண்டு சமாதான உடன்படிக்கையின்படி நேசநாட்டுப் போர்க்கைதிகளுக்குச் செஞ்சிலுவைச் சங்கம் வழியாக ஒரு தொகை போயிற்று. நம்மவர் அந்தக் கணக்கில் இல்லை.

1949இல் ஜெனிவா ஒப்பந்தங்கள் திருத்தி எழுதப்பட்டன. போர்க்கைதிக்கு மாத முன்பணம் சுவிஸ் பிராங்கில் குறிக்கப்பட்டது: சார்ஜெண்டுக்குக் கீழ்ப்பட்டவருக்கு 8, சார்ஜெண்டுக்கு 12, மேஜருக்குக் கீழ்ப்பட்ட அதிகாரிக்கு 50, மேஜர் முதல் கர்னல் வரை 60, ஜெனரலுக்கு 75. விடுதலையாகும்போது மீதித் தொகைக்குக் கணக்குச் சீட்டும் தர வேண்டும்.

நமக்கு முக்கியமானது நான்காவது ஒப்பந்தத்தின் 51ஆம் பிரிவு. பிடித்த நாட்டின் குடிமக்களை வேலை வாங்கினால், நியாயமான கூலி தர வேண்டும். அந்த நாட்டுக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது. மலாயா 1962இல் இந்த ஒப்பந்தங்களில் சேர்ந்தது.

ஆனால் சட்டம் கேட்கும்போது காட்டப் பெயரும் சீட்டும் வேண்டும். உங்கள் குடும்பத்தில் சயாமுக்குப் போனவர் யார் என்று பெரியவர்களைக் கேட்டு, பெயர், ஊர், தோட்டம் மூன்றையும் எழுதி வையுங்கள். உங்கள் சம்பளச் சீட்டையும் பத்திரப்படுத்துங்கள்.