மரவேலை ரூட்டர்: வீட்டுப் பட்டறைக்கு எதை வாங்கலாம், எப்படி ஓட்டலாம்?

‘ரூட்டர்’ என்று இணையத்தில் தேடினால் முதலில் வந்து நிற்பது வைஃபை பெட்டிதான். நாம் பேசப்போவது அதன் பெயர்க்காரரைப் பற்றி. மரத்தில் காடி எடுக்க, ஓரத்தை உருட்ட, கீல் பதிக்கப் பள்ளம் தோண்ட உதவும் மின்கருவி அது. வேலை வெளியூரில் இருந்தாலும், தங்கச்சிமடம் மாதிரி சொந்த ஊரில் வீட்டுக்குப் பின்னால் ஒரு கொட்டகை போட்டு, விடுமுறையில் மரவேலை பழகலாம் என்று நினைப்பவர்கள் டிரில்லிங் மெஷினுக்கு அடுத்து ஆசைப்படுவது இதற்குத்தான். தப்பாகப் பிடித்தால் விரலைப் பதம் பார்க்கும் கருவியும் இதுதான்.

பாம்பன் தீவுக்கு மரவேலை புதிதல்ல. தங்கச்சிமடத்தை ஒட்டிய பேக்கரும்பில்தான் அப்துல் கலாமின் நினைவிடம் இருக்கிறது. தனக்கு ஆறு வயது இருக்கும்போது, ராமேஸ்வரத்திலிருந்து தனுஷ்கோடிக்கு யாத்ரீகர்களை ஏற்றிச் செல்ல அப்பா கடற்கரையில் மரப்படகு கட்டியதை ‘அக்னிச் சிறகுகள்’ நூலில் அவர் சொல்லியிருக்கிறார். அது உளியும் இழைப்புளியும் பேசிய காலம். உளியில் அரை நாள் பிடிக்கும் காடியை ரூட்டர் சில நிமிடங்களில் முடித்துவிடும். ஆனால், உளி வழுக்கினால் நமக்குத் தெரியும். ரூட்டர் நிமிடத்துக்கு 20,000 முறைக்கு மேல் சுற்றும்போது, தப்பு நடந்த பிறகுதான் தெரியும்.

எது நமக்குச் சரி?

சந்தையில் பொதுவாக இரண்டு வகை. ஒன்று, ட்ரிம்மர். ஆசாரிகள் சன்மைக்கா ஓரத்தைச் சீவ ஒற்றைக் கையில் பிடித்து ஓட்டுவார்களே, அந்தச் சின்ன மெஷின். மகிடா 3709 மாடல் 530 வாட். நிமிடத்துக்கு 30,000 சுற்று. பாஷ் ஜிகேஎஃப் 550 மாடல் 550 வாட், 33,000 சுற்று. இரண்டிலும் வேகத்தைக் கூட்டிக் குறைக்க முடியாது.

இன்னொன்று, இரண்டு கைப்பிடி வைத்த ப்ளஞ்ச் ரூட்டர். ஸ்பிரிங் மேல் உட்கார்ந்திருக்கும். அழுத்தினால் பிட் மரத்துக்குள் இறங்கும், விட்டால் மேலே வரும். பெரும்பாலும் 1,200 வாட்டுக்கு மேல். பல மாடல்களில் வேகத்தை மாற்றும் திருகும் உண்டு.

அலமாரித் தட்டு, போட்டோ ஃபிரேம், பெயர்ப் பலகை, ஓர வேலை என்றால் முதலில் ட்ரிம்மர் போதும். கதவு, கட்டில், கனமான தேக்குப் பலகை என்று போனால்தான் ப்ளஞ்ச் தேவை. ‘பெருசா வாங்கிட்டா எல்லாத்துக்கும் ஆகும்’ என்ற கணக்கு இங்கே செல்லாது. பெரிய மெஷின் கனமானது; புதுக் கைக்கு அடங்காது.

வாங்கும் முன் வீட்டு பிளக் பாயின்ட்டையும் பாருங்கள். 230 வோல்ட்டில் 1,600 வாட் மெஷின் சுமார் 7 ஆம்பியர் இழுக்கும். 6 ஆம்பியர் சாக்கெட் அதற்குத் தாங்காது, 16 ஆம்பியர் வேண்டும். ட்ரிம்மர் இரண்டரை ஆம்பியருக்குள் முடித்துக்கொள்ளும். எக்ஸ்டென்ஷன் வயரைச் சுருளாக வைத்து ஓட்டக்கூடாது, முழுதாகப் பிரித்துவிடுங்கள், சுருளுக்குள் சூடேறும்.

0.35 மில்லிமீட்டர் சிக்கல்

ஆன்லைனில் பிட் வாங்குபவர்கள் அதிகம் மாட்டிக்கொள்வது இங்கேதான். பிட்டின் தண்டைக் கவ்விப் பிடிக்கும் பாகத்தின் பெயர் கலெட். ட்ரிம்மர்களில் அது 6 மி.மீ. அல்லது கால் இஞ்ச். கால் இஞ்ச் என்பது 6.35 மி.மீ. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். 6 மி.மீ. கலெட்டில் கால் இஞ்ச் பிட் நுழையாது, அதனால் ஆபத்தில்லை. கால் இஞ்ச் கலெட்டில் 6 மி.மீ. பிட்டைப் போட்டு முறுக்கினால் பிடித்தது மாதிரி இருக்கும்; ஓடும்போது நழுவும். பெரிய ரூட்டர்களில் 12 மி.மீ., அரை இஞ்ச் (12.7 மி.மீ.) இரண்டுக்கும் இதே கதைதான். மெஷின் பெட்டியில் போட்டிருக்கும் கலெட் அளவைக் குறித்துவைத்து, அதே அளவில் மட்டும் பிட் வாங்குங்கள்.

20, 30 பிட் கொண்ட மலிவு செட்டைவிட, கார்பைடு முனை வைத்த நல்ல பிட் மூன்று போதும்: நேர் பிட், ஓரம் உருட்டும் ரவுண்டு ஓவர், பேரிங் வைத்த ஃப்ளஷ் ட்ரிம். பிளைவுட்டில் இருக்கும் பசை சாதாரண எஃகு முனையைச் சீக்கிரம் மழுக்கிவிடும். மழுங்கிய பிட் மரத்தை வெட்டாது, கருக்கும்.

பிட் அகலமானால் வேகம் குறைய வேண்டும். 12 மி.மீ. பிட் 24,000 சுற்றில் ஓடும்போது அதன் விளிம்பு மணிக்குச் சுமார் 54 கி.மீ. வேகத்தில் போகும். அதே சுற்றில் 50 மி.மீ. பிட்டின் விளிம்பு வேகம் சுமார் 226 கி.மீ.! அதனால்தான் வேகத்தைக் குறைக்க முடியாத ட்ரிம்மரில் அகலமான பிட் மாட்டக்கூடாது என்கிறார்கள். பிட்டில் குறித்திருக்கும் உச்ச வேகத்தைத் தாண்டாதீர்கள்.

எப்படி ஓட்டுவது?

முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. பிட்டை கலெட்டுக்குள் அடிவரை தள்ளி, 2 மி.மீ. மேலே இழுத்து, பிறகு முறுக்குங்கள். அடியில் முட்டிக்கொண்டு நின்றால் பிடி சரியாக இறுகாது.

மரத்தை மேசையோடு கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். ‘தம்பி, கொஞ்சம் பிடி’ என்று ஆளை நிறுத்தி வைப்பது கிளாம்ப் ஆகாது.

அடுத்தது திசை. கையில் பிடித்த ரூட்டரை மேலிருந்து பார்த்தால் பிட் கடிகார முள் திசையில் சுற்றும். ஓரத்தில் ஓட்டும்போது, நீங்கள் நகர்த்தும் திசைக்கு இடப்பக்கம் மரம் இருக்க வேண்டும். பலகையின் வெளி ஓரம், உள்ளே வெட்டிய ஓட்டையின் ஓரம் இரண்டுக்கும் இந்த ஒரே விதிதான். மாற்றி ஓட்டினால் பிட் சக்கரம் மாதிரி மரத்தைப் பிடித்து ஓடும். மெஷின் கையை இழுத்துக்கொண்டு போகும்.

ஆழம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான். ஒரு ஓட்டத்தில் பிட்டின் விட்டத்தில் பாதிக்கு மேல் போக வேண்டாம். 6 மி.மீ. பிட்டில் 9 மி.மீ. ஆழக் காடி வேண்டுமா? மூன்று மூன்றாக மூன்று ஓட்டம். பலகையின் நான்கு ஓரத்தையும் உருட்டுவதானால் குறுக்கு வெட்டுப் பக்கத்தை முதலில் முடியுங்கள். அங்கே மூலையில் பிய்ந்தாலும், அடுத்து நீள ஓரத்தை ஓட்டும்போது அது போய்விடும். நம்மூர்ப் பனஞ்சட்டத்தில் பழகத் தொடங்க வேண்டாம். நார் நாராகப் பிய்யும். வேம்போ பிளைவுட் துண்டோ நல்லது.

தூசியும் உப்புக்காற்றும்

மரத்தூசியை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் பட்டியலில் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995இல் சேர்த்தது. கைக்குட்டை கட்டினால் போதாது. என்95 முகக்கவசம், கண்ணாடி, காதடைப்பான் மூன்றும் வேண்டும். கையுறை வேண்டாம், பிட்டில் சிக்கினால் விரலோடு இழுக்கும். தோளில் துண்டு, கழுத்தில் ஐடி கார்டு கயிறு, தொங்கும் கைலி எல்லாவற்றுக்கும் இதே காரணம்.

கடலோரத்தில் இன்னொரு வேலையும் உண்டு. உப்புக்காற்றில் கலெட் துருப்பிடித்தால் பிட்டைச் சரியாகக் கவ்வாது. வேலை முடிந்ததும் கலெட்டைக் கழற்றித் தூசியைத் தட்டி, லேசாக எண்ணெய் தடவித் துடைத்துவிடுங்கள். அடுத்த முறை பிட் மாட்டும் முன் அந்த எண்ணெயையும் முழுதாகத் துடைத்தெடுங்கள். பிட்டுகளை மூடி போட்ட டப்பாவில், செருப்புப் பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு போட்டு வைக்கலாம்.

வாங்கியதும் நேராக அலமாரிப் பலகையில் இறங்காதீர்கள். ஒரு பழைய பிளைவுட் துண்டில் பென்சிலால் பத்துக் கோடு போட்டு, கோட்டுக்கு ஒரு காடி எடுத்துப் பாருங்கள். பத்தாவது காடி வரும்போது, மெஷின் சத்தம் மாறுவதை வைத்தே எப்போது வேகமாகத் தள்ளுகிறோம், எப்போது பிட் கருகுகிறது என்று காதுக்குப் பிடிபட ஆரம்பிக்கும்.