மண்மேட்டுக்குள் எரிவாயு

அரியலூரை அடுத்த கல்லங்குறிச்சி வீடுகளின் அடுப்பங்கரையில் நிற்கும் 14.2 கிலோ சிலிண்டரை லேசாக ஆட்டினால் உள்ளே தளும்புவது தெரியும். இருப்பது புரோப்பேனும் பியூட்டேனும் கலந்த திரவம். புரோப்பேன் மைனஸ் 42 டிகிரியிலும், பியூட்டேன் பூஜ்யத்தை ஒட்டியும் கொதித்துவிடும். அரியலூர் வெயிலிலும் அவற்றைத் திரவமாக அடக்கி வைப்பது அழுத்தம் ஒன்றுதான். வெளியேறினால் சுமார் 250 மடங்கு விரியும். இதையே நூற்றுக்கணக்கான டன் சேமிக்கும் இடங்களில், கால்கள்மேல் நிற்கும் கோளத் தொட்டியைவிட மண்ணால் மூடிய நீள்உருளைத் தொட்டியே மேல் என்பேன்.

கோளத்துக்கும் நியாயம் உண்டு. ஒரே விட்டமுள்ள உருளைக்குத் தேவைப்படும் தகட்டுக் கனத்தில் பாதியே அதே அழுத்தத்தைத் தாங்கும்; இரும்பு மிச்சம். ஆனால் அடியில் தீப்பிடித்தால்? திரவம் தொடும் தகட்டின் சூட்டைக் கொதிக்கும் திரவம் வாங்கிக்கொள்ளும். மேலே ஆவி மட்டுமே தொடும் தகடு பழுத்து, இளகி, சேஃப்டி வால்வு திறந்திருந்தும் கிழியும். அழுத்தம் போனதும் மிச்சத் திரவம் நொடியில் பொங்கித் தீக்கோளமாகும். 1966இல் பிரான்சின் ஃபெய்சினில் நடந்தது இதுதான். 1984இல் மெக்சிகோ நகரை ஒட்டிய சான் ஹுவானிக்கோவில் தொட்டிகள் ஒன்றையடுத்து ஒன்று வெடித்து ஏறத்தாழ 500 பேர் இறந்தனர். மண்மேட்டுக்குள் கிடக்கும் தொட்டியைத் தீ நாக்கு தொடாது. பக்கத்துத் தொட்டியின் சிதறலும் எட்டாது.

அப்படியானால் இன்னும் ஆழத்துக்கே போகலாமே? விசாகப்பட்டினத்தில் போயிருக்கிறார்கள். அங்கே 2007 முதல் 60,000 டன் கொள்ளும் பாறைக் குகை இயங்குகிறது. சுற்றியுள்ள நிலத்தடி நீரின் அழுத்தமே வாயுவை உள்ளே நிறுத்துகிறது. அதற்கு உறுதியான கடும்பாறை வேண்டும். கல்லங்குறிச்சியில் வெட்டியெடுப்பது போன்ற சுண்ணாம்புப் பாறையை நீர் காலப்போக்கில் கரைத்து வழி ஏற்படுத்தும். மண்மேட்டுக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

மண்ணுக்குள் துருப்பிடித்தால் யார் பார்ப்பது என்ற கேள்விதான் வலுவானது. தகட்டுக்குக் கனத்த பூச்சு கொடுத்து, அதனோடு மெக்னீசியக் கட்டிகளை இணைத்துப் புதைக்கிறார்கள். இரும்புக்குப் பதில் அவை அரிபடும். மின்னழுத்தத்தை மேலிருந்தே அளந்து அந்தக் காப்பு வேலை செய்கிறதா என்று அறியலாம். கசிவோ பெரும்பாலும் வால்விலும் குழாய் இணைப்பிலும்தான் தொடங்கும். அந்த வாயு காற்றைவிடக் கனம், தரையோடு ஊரும். அதனால் உணர்கருவிகளைத் தாழ்வாகவே பொருத்துகிறார்கள். அவற்றைப் பழுதின்றி வைத்திருக்கும் செலவில் கை வைக்கும் ஆலைக்கு எந்த மண்மேடும் உதவாது.